ராத்தாவின் காபட்

நான் வாழும் நோர்வேயின் பேர்கன் நகரத்தில் தரையில் விரிக்கும் காபட் வாங்கப் போனால், அறையின் அளவைக் கேட்பதற்கு முன்னரே வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். "இருக்கிறது" என்றேன். கடைக்காரப் பெண் முகம் மலர்ந்து, "படுத்தா, நின்றா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். நானும் கொஞ்சம் யோசித்து, "பெரும்பாலும் படுத்துத்தான். வயதாகிவிட்டது" என்று பதில் சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மகள் ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடிவிட்டாள். எங்கள் பூனை தரையில் கிடப்பதைப் பிராண்டுமா, நிமிர்ந்து நிற்பதைப் பிராண்டுமா என்பதுதான் கேள்வி என்று பிறகுதான் விளங்கியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மிகவும் பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தாள். நூலை வளையம் வளையமாக விட்டு நெய்த காபட் கூடாது, நகம் மாட்டினால் ஒரு வரிசையே உருவிக்கொண்டு வந்துவிடும். மயிரைக் குட்டையாக வெட்டி நெருக்கமாக நெய்தது நல்லது. நிறம் பூனையின் நிறத்தோடு ஒத்துப்போகவேண்டும். பக்கத்திலேயே பூனை தன் இஷ்டத்துக்குக் கீறுவதற்கு வேறொரு சாமானும் வைக்கவேண்டும். கடைசியில் உள்ளங்கை அளவு துண்டொன்றைக் கையில் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூனைக்குக் காட்டிவிட்டு வரச் சொன்னாள். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். இங்கே என்னைப்போல் வந்து சேர்ந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். அவர்களும் இப்படி ஏதாவது ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கடை வாசலில் நின்றிருப்பார்கள்.

நோர்வேக்காரர் காபட்டை "தெப்பெ" என்கிறார்கள். அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தெப்பம்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் கல்பிட்டிக்கு வந்தது தெப்பத்தில் அல்ல, மீன் வள்ளத்தில். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டபோது எனக்கு எட்டு வயது, என் அக்கா ராத்தாவுக்குப் பதினேழு. கண்டக்குழிக் கரையில் எங்களை இறக்கினார்கள். நனைந்த சட்டையோடு மணலில் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தக் கரையில் மீன்பிடிக்கும் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பமொன்று பாணும் தேத்தண்ணியும் தந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மன்னார் வீடு நினைவில்லை. கிணற்றடியில் ஒரு பச்சை வாளி, கதவில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். உம்மா, பெருநாளைக்குள் திரும்பிப் போய்விடலாம் என்றார். பெருநாட்கள் வந்து வந்து போயின. எத்தாளையில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் தன் காணியின் மூலையில் ஓலைக் குடிசை போட இடம் தந்தார். சில வருடங்கள் கழித்து அவருடைய மகன் ஹனீபா மச்சான் என் ராத்தாவைக் கல்யாணம் முடித்தார். நான் வளர்ந்து, படித்து, நோர்வேக்குப் போனேன். உம்மாவும் வாப்பாவும் கல்பிட்டி மண்ணிலேயே அடக்கமானார்கள். ராத்தா எத்தாளையிலேயே இருந்தார். "இருந்தார்" என்ற சொல்லை அவரே ஒத்துக்கொள்வாரா என்பதுதான் இந்தக் கதை.

காபட் துண்டை எங்கள் பூனைக்குக் காட்டுவதை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நான் லீவில் ஊருக்குப் போனேன். எத்தாளையில் காற்றுக் காலம். மணல் பறந்து வாசலில் வரி வரியாகக் கிடந்தது. ராத்தாவின் வீட்டுக்கு மச்சான் புதிதாகத் தரை ஓடு பதித்திருந்தார். ஹோலில் நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு டீவி, ஒரு அலுமாரி. மற்றதெல்லாம் வெறும் தரை. அந்தத் தரையில் மூன்று பூனைகள் கால் நீட்டிக் கிடந்தன. கறுப்பு கறுவல், செம்மஞ்சள் செம்பி, இரண்டுக்கும் தாயான சாம்பல் நிறக் கிழவி. முழங்கால் வலியோடு ராத்தா அந்தக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து மீன் வெட்டினார், ஓதினார், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தலையணையைப் போட்டுச் சாய்ந்தார். இரண்டாம் நாள் மச்சான் என்னை வெங்காயப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டபடியே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மச்சான், ஹோலுக்கு ஒரு காபட் போடணும் எண்டு நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டன். பூனை பிய்ச்சிரும் எண்டு சாட்டுச் சொல்றா. சோபா வாங்குவம் எண்டாலும் பூனை. திரைச்சீலைக்கும் பூனை. நீ சொன்னாக் கேப்பா."

"பூனைக்கு ஏத்த காபட் ஈக்குது மச்சான். நான் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வீட்டுல அவ ஆசப்பட்டுக் கேட்டு வாங்கின சாமான் ஒண்டுமில்ல, தெரியுமா? எல்லாம் நானா வாங்கினது. கல்யாணம் முடிச்சு இருபத்தஞ்சு வருஷம். இன்னம் என்ட வீட்டுல விருந்தாளி மாதிரி ஈக்கிறா."

கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயத்துக்கு இந்த முறை விலையில்லை என்று சொல்வதைப்போலச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். உம்மா உயிரோடு இருந்த காலத்தில் நல்ல கட்டிலொன்று வாங்கலாம் என்றாலும், "அங்க போய் வாங்குவம்" என்பதுதான் எங்கள் வீட்டுப் பதில். அங்கே என்றால் மன்னார். யுத்தம் முடிந்த பிறகு ராத்தாவும் மச்சானும் காணியைப் பார்க்கப் போனார்கள். சுவர் இடுப்பளவுதான் மிஞ்சியிருந்ததாம். ஹோல் இருந்த இடத்தில் முள்ளுப் பத்தை. ராத்தா அதற்குள் புகுந்து ஒரு சுவரில் இருந்து மறு சுவர்வரை நடந்தாராம், மச்சான் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாராம். எங்களோடு வெளியேறியவர்களில் சில பேர் திரும்பிப் போய் அங்கே வீடு கட்டினார்கள், சில பேர் இந்தப் புத்தளம் பகுதியிலேயே நின்றுவிட்டார்கள். ராத்தா போகவும் இல்லை, நிற்கிறேன் என்று சொல்லவும் இல்லை.

அன்று மாலை நான் கதையைத் தொடங்கினேன். வளைய நூல், வெட்டிய நூல், பூனையின் மயிர் தெரியாத நிறம் என்று பேர்கன் கடைக்காரப் பெண் சொன்னதையெல்லாம் ஒப்புவித்தேன். ராத்தா கண்ணை அகலத் திறந்து கேட்டார். "பூனைக்குப் புடிச்ச காபட் எண்டு கடையில விக்கிறானா?" என்றார். விற்கிறான் என்றேன். "அந்த ஊருப் பூனைக்கு நகமே இல்லாம ஈக்கும்" என்றார். அதற்குப் பிறகும் அவரிடம் சாட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில், "சரி, பாத்துட்டு வரலாம். பாக்கிறதுக்குத்தான்" என்று சம்மதித்தார்.

மறுநாள் மச்சானின் சின்ன லொறியில் மூன்று பேரும் முன்னால் நெருங்கி உட்கார்ந்து புத்தளம் போனோம். பாலாவியில் உப்பு வாய்க்கால்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. கடையில் காபட் சுருள்கள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு நின்றன. நான் ஒவ்வொன்றாகக் குனிந்து, பூனை கீறுவதைப்போல நகத்தால் கீறிப் பார்த்தேன். முதலாளி "நானா, நானா" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"நானா, நகத்தால கீறாதீங்க. சாயம் போகாது, நான் பொறுப்பு."

"சாயத்துக்கில்ல. வீட்டுல பூனை ஈக்குது. சின்னத் துண்டு ஒண்டு தந்தா கொண்டுபோய்ப் பூனைக்குக் காட்டிட்டு வரலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்து, "வெளிநாடா?" என்று மெதுவாகக் கேட்டார். மச்சான் தலையாட்டினார். "அடுத்த முறை பூனையையே கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் முதலாளி. ராத்தா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவர் உண்மையிலேயே பார்க்கத் தொடங்கினார். தும்புப் பாய் போன்ற சொரசொரப்பான ஒன்றை மச்சான் காட்டியபோது, "அது பூனைக்கு நகம் தீட்டுற கல்லு மாதிரி" என்று தள்ளிவிட்டார். வெள்ளை வேண்டாம், கறுவலின் மயிர் தெரியும். கறுப்பு வேண்டாம், கிழவியின் மயிர் தெரியும். ஒரு சுருளின் முன்னால் நின்றார். மண் நிறம், அதில் சாம்பலும் செம்மஞ்சளும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. குட்டை மயிர், நெருக்கமான நெசவு. மூன்று பூனையும் அதில் ஒளிந்துகொள்ளலாம். நான் கீறிப் பார்த்தேன், ஒரு நூலும் வரவில்லை. அகலம் சுருளில் உள்ளபடி பன்னிரண்டு அடி. நீளம் எவ்வளவு வெட்டவேண்டும் என்று முதலாளி கேட்டார்.

"பதினெட்டு" என்றார் ராத்தா, ஒரு கணமும் யோசிக்காமல்.

"நம்மட ஹோல் பதினாலுதானே" என்றார் மச்சான்.

ராத்தாவின் கை காபட்டின் மேலேயே நின்றுவிட்டது. மன்னாரில் முள்ளுப் பத்தைக்குள் ராத்தா நடந்த நீளம் அது என்று மச்சானுக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. "பிழையாச் சொல்லிட்டன். பதினாலு வெட்டுங்க" என்றார் ராத்தா. குரல் இறங்கிவிட்டது. "இல்லாட்டி வேணாம். பூனை எப்படியும் பிய்ச்சிரும். வாங்க போவம்."

மச்சான் முதலாளியின் கையிலிருந்த அளவு நாடாவைப் பிடித்தார். "அவ சொன்ன அளவுதான். பதினெட்டே வெட்டுங்க."

"மிச்சத்த என்ன செய்யிற?" என்றார் ராத்தா.

"மடிச்சுப் போடுவம். மடிச்சுப் போட்டா வீடு இடிஞ்சா போகும்?"

புதுக் காபட்டின் மணம் போகவேண்டும் என்று வீட்டுக்கு வந்ததும் அதை முதலில் வாசலில் விரித்தோம். ஹோலுக்குப் பெரியது தென்னை மரங்களுக்கு நடுவே மணலில் தாராளமாகக் கிடந்தது. காற்று ஓரத்தைத் தூக்காமலிருக்க மச்சான் நாலு மூலையிலும் கல் வைத்தார். ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறினார். நடுவில் போய் நின்றார். பிறகு, எங்களுக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல், பேசத் தொடங்கினார்.

"இது வாசல். இங்க வாப்பாட சாய்வுக் கதிரை. இந்தப் பக்கம் உம்மாட தையல் மெசின், வெளிச்சம் வாற இடம். இதுல அலுமாரி." ஒவ்வொரு இடத்திலும் காலால் தொட்டுக் காட்டிக்கொண்டு கடைசி ஓரத்துக்குப் போனார். "இந்தா, இந்த மூலையில நீ படுப்பே. சுவர்ப் பக்கம் காலை உதைச்சுக்கிட்டுத்தான் தூங்குவே. உதைக்காதே எண்டு வாப்பா ஏசுவாரு."

நான் அந்த மூலையில் போய் உட்கார்ந்தேன். எதுவும் ஞாபகம் வரவில்லை. மச்சான் வாசற்படியில் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப சமையலறை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ராத்தா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். "கிணத்தடிப் பக்கம்" என்று கையை நீட்டினார், வெங்காயத் தோட்டத்தைப் பார்த்து. மச்சானும் எழும்பிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காபட்டில் ஏறி ராத்தாவுக்குப் பக்கத்தில் நின்றார். கறுவலும் ஏறியது.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஹோலுக்குள் கொண்டுபோய் விரித்தோம். உள்சுவரோரம் மிஞ்சிய நாலடியை மச்சான் உள்ளே மடித்துவிட்டார். சுவரோடு ஒரு மெத்தைபோல எழும்பி நின்றது. பூனைகளுக்கென்று தென்னங்குற்றி ஒன்றில் தடித்த வள்ளக் கயிற்றைச் சுற்றிக் கதவோரம் நிறுத்தினார். கறுவலும் கிழவியும் அந்தக் கயிற்றை மோந்து பார்த்துவிட்டு உடனே வேலையைத் தொடங்கிவிட்டன. செம்பி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. காபட்டின் நட்டநடுவில் வந்து நின்று, முதுகை வளைத்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தது.

"அடி சனியனே! என்ட காபட்!" என்று ராத்தா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

செம்பி பாய்ந்தோடிவிட்டது. ராத்தா முழங்கால் வலியை மறந்து தரையில் உட்கார்ந்து, கீறிய இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நூல் ஒன்றும் எழும்பவில்லை. நான் மச்சானைப் பார்த்தேன். அவர் டீவியில் செய்தி பார்ப்பதுபோல இருந்தார். டீவி போடப்பட்டிருக்கவில்லை. "என்ட" என்ற சொல்லை அவர் கேட்டுவிட்டார் என்பது அவருடைய காதுமடலில்கூடத் தெரிந்தது.

நான் பேர்கனுக்குத் திரும்பிவிட்டேன். ராத்தா வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் எடுக்கிறார். மன்னாருக்குப் போவதா, எத்தாளையிலேயே நிற்பதா என்ற கதையை நாங்கள் யாரும் எடுப்பதில்லை. ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருக்கிறார், சோபா வேண்டுமென்று மச்சானோடு சண்டை பிடிக்கிறார். மடிப்பை வெட்டி எடுத்துவிடலாமே என்று ஒரு விருந்தாளி சொன்னதற்கு, அவருக்குத் தேத்தண்ணியே கொடுக்காமல் அனுப்பிவிட்டாராம். கதைத்துக் கதைத்துக் கடைசியில் போனை உள்சுவர்ப் பக்கம் திருப்புகிறார். வாசலில் விரித்த அன்று எனக்குக் காட்டிய அந்த மூலை இப்போது மடிப்புக்குள் போய்விட்டது. அதன்மேல் செம்பி உருண்டையாகச் சுருண்டு கிடக்கும்.

"உன்ட இடத்துல படுத்துக் கிடக்குது, பாரு" என்பார் ராத்தா. "எழுப்பிவிடவா?"

இங்கே வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். நான் போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்ப்பேன்.

"வேணாம் ராத்தா. படுக்கட்டும்."