கோயிலுக்குப் போன ஜீப்பு

போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள் நான். சென்ற மழைக்காலத்தில் ஒரு வளைவில் எங்கள் ஜீப்பு கவிழ்ந்தது. எனக்குச் சிராய்ப்புதான். என் நாத்தனார் செல்விக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

எங்களை வேலைக்குக் கூட்டிப்போகும் கங்காணி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். “ஆத்தா, போலீசு கேட்டா கோயிலுக்குப் போனோம்னு சொல்லுங்க. தோட்டம்னு சொன்னா நாளைக்கு ஒருத்திக்கும் சோலி இருக்காது. வைத்தியத்த மொதலாளி பாத்துக்குவாரு.”

“சோத்துவாளியும் சாக்கும் தூக்கிக்கிட்டா சாமி கும்பிடப் போவாக?” என்று வலியிலும் கேட்டாள் செல்வி. ஆனாலும், வேலை போய்விடும் என்ற பயத்தில் அவள் உட்பட எல்லோரும் கோயில் என்றே சொன்னோம்.

முதலாளி முதல் வாரத்தோடு கைவிட்டார். இழப்பீடு கேட்டு வக்கீலிடம் போனோம். “வேலைக்குப் போறப்ப நடந்துச்சுன்னு காட்டுனாத்தான் மொதலாளி பொறுப்பும்மா. நீங்களே இல்லைன்னு சொல்லியிருக்கீகளே” என்றார் அவர். இப்போது வழக்கு நடக்கிறது. எங்களுக்கு எதிராகத் தோட்டத்தார் காட்டும் ஒரே சாட்சி, நாங்கள் சொன்ன அந்த வார்த்தைதான். செல்வி கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள்.

நான் இப்போதும் அதே கங்காணியின் ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் ஏறியதும் உள்ளே இருப்பவர்களைச் சோத்துவாளியோடு படமெடுத்து, எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம் என்று செல்லில் பேசிப் பதிந்து மகளுக்கு அனுப்பிவிடுகிறேன்.

“என்னாத்தா, கல்யாணப் போட்டோவா?” என்று கங்காணி கேலி செய்தார்.

“கோயிலுக்குப் போறோம்லண்ணே, அதான்” என்றேன். அதன்பின் அவர் கேட்பதில்லை.