ஆத்தா வந்திருக்கா

எங்கள் பக்கத்தில் பெற்றவளும் ஆத்தாதான், கோயிலில் இருக்கிற மாரியும் ஆத்தாதான், அந்த மாரி கோபம் கொண்டு உடம்பில் முத்து முத்தாக வாரிப் போடுகிற பெரியம்மையும் ஆத்தாதான். மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு எங்கள் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குழப்பமில்லாமல் பிழைத்து வந்தார்கள். என் தம்பிக்கு நாலு வயதாகும் வரைக்கும்தான் அதெல்லாம்.

விராலிமலையில், திருச்சி மதுரை ரோட்டோரத்தில் எங்கள் இட்லிக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சாக்குப் படுதா. கடையின் பெருமை ஒரு பித்தளைப் பாய்லர். அப்பா தினமும் அதைப் புளி போட்டுத் தேய்த்து விபூதிப் பட்டை இடுவார். கடைக்குப் பாய்லர்தான் தாலி என்பார் சித்தப்பா. கல்யாணம் ஆகாதவர், ஆகையால் தாலியைப் பற்றித் தைரியமாகப் பேசுவார்.

சமஸ்தானம் போய், சுதந்திர சர்க்கார் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த மாசியிலேயே வெயில் ஏறி, அன்னவாசல் பக்கம் பெரியம்மை என்று பேச்சு கிளம்பியது. சந்தை கூடக்கூடாது என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். ஆடு விற்க முடியாதவன் நெல் வாங்கவில்லை. நெல் விற்காதவன் துணி எடுக்கவில்லை. தினமும் எங்கள் கடையில் பலகாரம் சாப்பிடும் ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலேயே பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தார். யாரோ ஒருத்தர் வீட்டுக் காய்ச்சலுக்கு ஊர் முழுக்கப் பத்தியம் இருந்தது. எங்களைக் காப்பாற்றியது ரோடு ஒன்றுதான். லாரிக்காரருக்கு எந்த ஊர் ஆத்தாவையும் தெரியாது, பசியை மட்டும்தான் தெரியும்.

என் ஆத்தா அப்போது பிள்ளைப்பேற்றுக்காக வல்லத்திராக்கோட்டைக்குப் போயிருந்தாள். அது அவளுடைய பிறந்த ஊர். குழந்தை பிறந்த செய்தி வந்துவிட்டது. மாமா கூட வர, சீர்வரிசையோடுதான் தாயும் பிள்ளையும் வீடு திரும்புவது வழக்கம். அதற்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஒரு காலையில், கடையில் கூட்டம் நெருங்கிக் கிடந்த நேரத்தில், ஆத்தா பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாகக் கொல்லை வழியே வந்து சேர்ந்தாள். மாமாவைக் காணோம், சீர் என்று ஒரு வெங்கலக் கிண்ணம்கூட இல்லை.

அவளை முதலில் பார்த்தது தம்பி. படுதாவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் பாய்ந்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு ஆத்தா வந்துருக்கு."

ஒரு லாரிக்காரர் வாய்க்குக் கொண்டுபோன இட்லியை அப்படியே இலையில் வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கை கழுவக்கூட நிற்காமல் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் சந்தோஷத்தில் ஆத்தாவிடம் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் கடையில் அப்பாவும் ஈயும்தான் இருந்தார்கள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டு வாசலில் காத்துக் கருப்பு அண்டாமல் வேப்பிலை செருகுவது எங்கள் வழக்கம். அப்பா மறக்காமல் செருகினார். அம்மை கண்ட வீட்டு வாசலிலும் அதே வேப்பிலைதான். உண்மை தெரிந்து வரலாம் என்று வந்தவர்கள் வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். சித்தப்பா ரோட்டில் நின்று, எங்கள் வீட்டில் அம்மை இல்லை, மலை மேல் இருக்கும் முருகன் சத்தியமாக இல்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அதுவரை சந்தேகப்பட்டவர்களும் அன்றைக்கு நிச்சயப்படுத்திக்கொண்டார்கள்.

எங்கள் கடை நின்றதும் அதை நம்பியிருந்தவர்களும் நின்றார்கள். மாவாட்டும் அக்காவுக்கு வேலை இல்லை. பால்காரர் பாலை என்ன செய்வதென்று தெரியாமல் மோராக்கித் தெருத் தெருவாகச் சுற்றினார். இலைக்கட்டு கொண்டுவருபவரின் இலைகளை அவர் வீட்டு மாடு தின்றது. நாங்கள் மூன்று வேளையும் மிஞ்சின இட்லியைத் தின்றோம். பிறகு இட்லியும் நின்று கஞ்சி வந்தது. கடைசியில் பாய்லரை விற்றுவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். மணப்பாறை வியாபாரி ஒருவர் பார்க்க வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, பாய்லரைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அப்பாவும் சித்தப்பாவும் அதைச் சாமி புறப்பாடு மாதிரி தூக்கிக் காட்டினார்கள். நன்றாகக் கழுவி வைக்கும்படியும், மறுநாள் வண்டியோடு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பாய்லர் போய்விடும் என்று எனக்கு அழுகையாக வந்தது. அன்று சாயங்காலம் இன்னொரு மனிதர் வந்தார். வல்லத்திராக்கோட்டைக்காரர். கொல்லைப்புறத்தில் தள்ளி நின்றபடியே அப்பாவிடமும் ஆத்தாவிடமும் ஏதோ சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவரும் பாய்லர் விஷயமாகத்தான் வந்திருப்பார், அதிக விலை கேட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு ஆத்தா கிணற்றடியில் வெகு நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, பாய்லரை விற்க வேண்டாம் என்றும், அம்மை குத்துகிறவரைக் கூட்டி வரும்படியும் அப்பாவிடம் சொன்னாள்.

அம்மை குத்துகிறவர் சர்க்கார் ஆள். சைக்கிளில் வருவார். அவர் மணிச் சத்தம் கேட்டால் போதும், பிள்ளைகளை வைக்கோல் போரில் ஒளித்துவிட்டுப் பெரியவர்கள் வயலுக்கு ஓடுவார்கள். பாவம், அவருக்கு இந்த ஊரில் யாரும் உட்காரக்கூடச் சொன்னதில்லை. அப்பா கூப்பிட்டதும் ஏதாவது வம்பாக இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் வந்தார்.

விடிந்ததும் ஆத்தா கடைக்கு முன்னால் பெஞ்சைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். கடைசியாக இருந்த அரிசியை மாவாட்டும் அக்கா வந்து ஆட்டிக் கொடுத்திருந்தாள். அடுப்பில் இட்லிப் பானை ஏறியிருந்தது. சித்தப்பா எங்கிருந்தோ ஒரு தப்பு வாங்கி வந்து அடிக்க, என்ன நடக்கிறதென்று பார்க்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜனம் கூடிவிட்டது. பாய்லருக்கு வண்டியோடு வந்த மணப்பாறைக்காரரும் அதில் நின்றார்.

ஆத்தா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டோரம் வந்தாள். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள்.

"ஆத்தா வந்துருக்கா வந்துருக்கான்னு ஊரே சொல்லுது. ஆமா, நான்தான் வந்துருக்கேன். நல்லாப் பாத்துக்குங்க." ரவிக்கைக் கையை ஏற்றி, சிறு வயதில் அம்மைப்பால் வைத்த தழும்பைக் காட்டினாள். "இது இருந்ததாலதான் நான் நிக்கிறேன். இப்ப எம்புள்ளைக்கு வைக்கப் போறாங்க. நீங்களும் வச்சுக்குங்க. வச்சுக்கிட்டவுகளுக்கு இன்னைக்கு எலை போட்டு இட்லி. காசு வேண்டாம்."

குழந்தையின் கையில் அவர் ஊசியை வைத்துத் திருகியபோது அது போட்ட சத்தத்தில் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ஆத்தா அசையவில்லை. அடுத்து தம்பி. அடுத்து நான். நான் ஓடினேன், சித்தப்பா பிடித்துக் கொடுத்தார். என் முறை முடிந்ததும் சித்தப்பாவைத் தேடினால் அவர் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் ஜனம் முதல் தடவையாகச் சிரித்தது. சிரித்தவர்களுக்குப் பாதி பயம் போய்விட்டது.

முதலில் ரோட்டைத் தாண்டி வந்தது பால்காரர். பின்னாலேயே இலைக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளோடு. எங்கள் கடை எழுந்தால்தான் தங்கள் வீட்டு அடுப்பும் எரியும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அதன் பிறகு யார் முதலில் வந்தது, யார் பின்னால் வந்தது என்று சொல்ல முடியாது. இட்லி வாசனைக்கு முன்னால் பயம் எம்மாத்திரம். ஜவுளிக்கடைக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார். பாதி இட்லியோடு எழுந்துபோன லாரிக்காரர் அன்றைக்கு அந்த வழியாகத் திரும்பினவர், வண்டியை நிறுத்திக் கையை நீட்டிவிட்டு, அன்றைக்கு விட்ட இட்லியை எங்கே என்று கேட்டார். அம்மை குத்துகிறவர் ஒரே நாளில் ஊர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். மத்தியானத்துக்குள் மாவு தீர்ந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் தங்கள் மாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மணப்பாறைக்காரர் தானும் குத்திக்கொண்டு, தான் வாங்க வந்த பாய்லரிலேயே காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பினார். எங்கள் ஊரே ஜெயித்த மாதிரி இருந்தது. இன்றைக்கும் என் கைத் தழும்பைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான்.

சாயங்காலம் அம்மை குத்துகிறவர் கிளம்பும்போது ஆத்தா ஒரு பெரிய இட்லிப் பொட்டலத்தோடு அவரை மறித்தாள்.

"நாளைக்கு மொத வேலையா வல்லத்திராக்கோட்டைக்குப் போங்கய்யா."

அது தன் சரகம் இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவர் சம்மதிக்கும் வரை ஆத்தா சைக்கிளை விடவில்லை. தன் வெற்றி பிறந்த வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. சீர் இல்லாமல் அனுப்பினார்களே, பார்க்கட்டும் என்று நானும் நினைத்தேன்.

சுற்றுப்பக்கத்தில் அம்மை அடங்கி, சந்தை கூடி, பாய்லர் பழையபடி சீறத் தொடங்கிய பிறகு, ஆடியில் நாங்கள் வல்லத்திராக்கோட்டைக்குப் போனோம். ஆத்தாவின் தங்கை, என் சித்தி, அங்கேதான் இருந்தாள். அவள் மகனுக்கு என் வயது. அவனுக்காக மலையடிவாரத்தில் ஒரு பம்பரம் வாங்கி வைத்திருந்தேன். சித்தி வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் குழி. ஆத்தா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டே இராத குரலில் கதறினாள். இரண்டு பேரும் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பங்குனியிலேயே போய்விட்டான் என்றார்கள். அன்றைக்குக் கொல்லைப்புறத்தில் தள்ளி நின்றவர் அந்தச் செய்தியோடுதான் வந்தாராம். நான் பம்பரத்தை மறைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆத்தாவிடம் கேட்டேன்: "ஏன்த்தா, அப்பவே அழுகலை?"

"அப்பக் கடை இருந்துச்சுல்ல" என்றாள் ஆத்தா.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இட்லி ஊற்றவே நேரம் பற்றாத அந்த நாளில் அழுவதற்கு ஏது நேரம் என்று எண்ணிக்கொண்டு, அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப் போனேன்.