ஜெசிந்தாவின் படம் மங்கலாக இருப்பதற்குக் காரணம்

ஒரு சனிக்கிழமை காலை. மொன்றியல் சென்ட் லோரன்டில் என் வீட்டு வாசலில் நின்று, கலியாணம் ஒன்றுக்குப் படம் எடுக்கப் போவதற்காக விளக்குகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாவின் கணவர் அன்ரன் ரெலிபோன் எடுத்தார். "அண்ணன், ஜெசிந்தா போயிட்டா" என்றார். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்ததும் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஜெசிந்தா படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்த கோடைகாலக் கலியாணங்கள் இனி என்னிடம் வரும் என்ற எண்ணம். சீ, நீயும் ஒரு மனுசனா என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஆனால் வந்தது வந்ததுதான். இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அன்ரன் கேட்டார். பொய் எழுதுவதென்றால் அவர் வேறு ஆளைப் பிடித்திருக்கலாம்.

மொன்றியலில் உங்கள் வீட்டு அல்பங்களைப் புரட்டினால் எங்கள் இருவரில் ஒருவருடைய வேலை கட்டாயம் இருக்கும். நான் பிலிம் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவன். மட்டக்களப்பிலிருந்து வந்த ஜெசிந்தா கிழமை நாட்களில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். சனி, ஞாயிறில் கமராவைத் தூக்கினார். அவர் கையில் முதன்முதலாக டிஜிட்டல் கமராவைக் கண்டபோது, "விளையாட்டுச் சாமான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். மூன்று வருடத்தில் நானும் அதையே வாங்கினேன். அதற்குள் வில்லரேயில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜெசிந்தா அக்கா, ஜெசிந்தா அக்கா என்ற பேச்சுத்தான். எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரித் தொடங்கும்: "ஜெசிந்தா அக்காவுக்கு அண்டைக்கு வேறை இடமாம். அதுதான் உங்களைக் கேட்பம் எண்டு..." வயிறு எரியுமா, எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாட்களில் மெமரி கார்ட் என்பது பவுன் மாதிரி. நான் ஒரே ஒரு பெரிய கார்ட் வாங்கி அதையே மாறி மாறிப் பாவித்தேன். ஜெசிந்தாவிடம் எட்டுச் சின்னக் கார்ட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் இலக்கம் எழுதியிருப்பார். படம் நிரம்பிய கார்ட் கழுத்தில் தொங்கும் சின்னப் பைக்குள் போகும்; வெறுங்கார்ட் இடுப்புப் பைக்குள் இருக்கும். ஒரு நாளும் இரண்டும் கலந்தது கிடையாது. "என்ன பிள்ளை, கழுத்தில தாயத்தோ?" என்று நக்கலாகக் கேட்டேன். "ஓம் அண்ணன். ஒரு கார்ட் செத்தாலும் கலியாணம் சாகாது" என்று சிரித்தார். கோபம் வந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவருக்கோ கோபமே வராது.

கமராவில் வைத்து ஒரு படத்தைக்கூட அவர் அழிக்கமாட்டார். கண் மூடியது, ஆடியது, தலை வெட்டுப்பட்டது எல்லாம் அப்படியே வீட்டுக்காரரிடம் போகும். அவர்கள் ஆறுதலாகப் பார்த்து முடித்த பிறகுதான், "வைக்கட்டோ, அழிக்கட்டோ?" என்று கேட்பார். அவர்கள் ஓம் என்றால்தான் கார்ட் வெறுமையாகும். "இந்தத் தீப்பெட்டியளவு கண்ணாடியில பார்த்து ஆரையும் தள்ளிவிடக்கூடா அண்ணன்" என்பார். பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்தியவீட்டில், பெரியவர் ஒருவர் சிரிப்பு வந்து கையால் வாயைப் பொத்துகிற படம் எடுத்தார். கை ஆடி, முகம் பாதி கலங்கின படம். நான் என்றால் அந்த இடத்திலேயே அழித்திருப்பேன். சில மாதங்களில் அந்தப் பெரியவர் காலமானார். அவருடைய மகள் ஒரு மரக்கறிக் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா சிரிக்கிற ஒரே படம் ஜெசிந்தா அக்கா எடுத்ததுதான் அண்ணை" என்று அழுதார். தலையாட்டினேன். வாங்கப் போன கத்தரிக்காயை மறந்து வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேச்சு வாங்கினேன்.

என் வழி வேறு. கார்ட் நிரம்ப நிரம்ப, அங்கேயே நின்று அழிப்பேன். முதலில் அழிப்பது யாரை? ஜெசிந்தாவை. ஒரே கலியாணத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளை பகுதிக்கு நான், பொம்பிளை பகுதிக்கு அவர். எங்கே நின்றால் வெளிச்சம் விழும் என்று அவருக்கு எப்படித்தான் தெரியுமோ, நான் போவதற்குள் அந்த இடத்தில் நிற்பார். என் படங்களில் அவருடைய முழங்கை, கொண்டை, பக்கப்பாட்டு முகம் என்று ஏதாவது ஒன்று வந்து விழும். விழுந்ததையெல்லாம் அழித்தேன். கார்ட்டில் இடம் வேண்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இடமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பொறாமை.

அஹுன்ட்சிக் பக்கம் ஒரு மண்டபத்தில் அதற்குப் பலன் கிடைத்தது. தாலி கட்டப் போகிற நேரம் கார்ட் நிரம்பிவிட்டது. அவசரமாக ஜெசிந்தா விழுந்த படங்களைத் தேடி அழித்துக்கொண்டு வந்தவன், பதட்டத்தில் எல்லாவற்றையும் அழிக்கிற இடத்தில் அமத்திவிட்டேன். கமரா ஒருமுறை கேட்டது. அதற்கும் ஓம் என்று அமத்தினேன். மாப்பிள்ளை வீட்டில் காலையில், அவர் தலையில் பால் அறுகு வைத்த படம் முதற்கொண்டு எல்லாம் போய்விட்டது. இது வெளியே தெரிந்தால் இந்த ஊரில் இனி யார் என்னைக் கூப்பிடுவார்கள்? மணவறைக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெசிந்தா என் முகத்தைக் கண்டு, தன் இடத்தை விட்டுவிட்டு வந்தார். "என்ன அண்ணன், அழிஞ்சு போச்சோ? பயப்பிடாதேங்கோ. இதில இனி ஒண்டும் எடுக்காதேங்கோ. மேல எடுத்தாத்தான் உண்மையா அழியும்" என்று என் கார்ட்டைக் கழற்றித் தன்னுடைய ஒன்றைப் போட்டுத் தந்தார். கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. நான் தாலியை எடுத்தேன். இடத்தை இழந்த ஜெசிந்தாவுக்கு மாமன்மாரின் முதுகுகள்தான் கிடைத்தன.

திங்கட்கிழமை பின்னேரம் வில்லரேயில் அவர் வீட்டுக்குப் போனேன். அழிந்த படங்களை மீட்கிற மென்பொருள் அவருடைய கொம்பியூட்டரில் இருந்தது. "ஒள்ளம் பொறுங்கோ அண்ணன், வரும்" என்றார். வந்தது. பால் அறுகு, தோழன், மாப்பிள்ளை ஊர்வலம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. எனக்கு உயிர் திரும்பியது. பிறகு, அதற்கு முன்னர் நான் அழித்தவையும் வரத் தொடங்கின. திரையில் ஜெசிந்தா. அடுத்ததிலும் ஜெசிந்தா. அதற்கடுத்ததிலும் அவரே. எனக்கு உடம்பு கூசிப் போனது. அவர் எல்லாவற்றையும் மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்தார். பிறகு, "என்ன அண்ணன், என்னைத் தேடித் தேடி அழிச்சிருக்கிறீங்கள் போலக் கிடக்கு" என்று சிரித்தார். "கார்ட்டில இடமில்லைப் பிள்ளை" என்றேன். நம்பினாரோ என்னவோ.

அவற்றில் ஒரு படம். கமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மணப்பெண்ணைப் பார்த்தபடி நிற்கிறார். கண் கலங்கியிருக்கிறது. யன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுகிறது. அதைக் கண்டதும் ஜெசிந்தாவின் கை நின்றுவிட்டது. "இது நானோ?" என்றார். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. என்னுடைய நல்ல படத்திலும் இவர்தானா நிற்கவேண்டும்? "இது உங்கட படம் அண்ணன். வைக்கட்டோ, அழிக்கட்டோ?" என்று கேட்டார். "அழியுங்கோ" என்றேன். தன்னுடைய கொம்பியூட்டரிலிருந்து அழித்தார். கார்ட்டைத் திருப்பித் தரும்போது, "இதுக்குள்ள இன்னும் கிடக்கும். மறுகா விரும்பினா எடுக்கலாம். புதுசா மட்டும் ஒண்டும் எடுக்காதேங்கோ" என்றார். அடுத்த சனிக்கிழமை அதே கார்ட்டில் ஒரு பிறந்தநாள் விழா எடுத்தேன். மறந்து எடுக்கவில்லை. வேண்டுமென்றுதான் எடுத்தேன்.

நான் விட்ட பிழையை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. நாலு பேரிடம் சொல்லியிருந்தால், ஏசுவதற்காவது எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதன் பிறகும் எத்தனையோ மண்டபங்களில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் விழுந்த படங்களை அதன் பிறகும் அழித்தேன்.

செத்தவீடு முடிந்த கிழமை அன்ரன் வந்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு இந்த மலரை அடிக்கவேண்டும், அட்டைக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்றார். ஜெசிந்தாவின் கொம்பியூட்டரில் ஊரில் உள்ள எல்லோருடைய முகமும் இருக்கிறது, அவருடையது ஒன்றும் இல்லை. "அதுதான் அண்ணன் உங்களிட்ட வந்தனான். ஆஸ்பத்திரியில வச்சு அவ சொன்னவ, என்ர படம் தேவைப்பட்டா அண்ணனிட்டக் கேளுங்கோ, அவர் எடுத்த மாதிரி என்னை ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு."

வீட்டில் இருந்த கார்ட்டுகள், சீடிகள் எல்லாவற்றையும் இரண்டு நாள் கிண்டினேன். இல்லை. எப்படி இருக்கும்? அவரைத்தான் வேலை மெனக்கெட்டு அழித்தேனே. "கிடைக்கேல்லை அன்ரன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் கிடைக்கவில்லை என்று சொல்ல நா எழவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அன்ரன், மன்னியுங்கோ. அட்டையில் நீங்கள் பார்ப்பது, வைத்தியத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் மெடிக்கல் கார்ட்டில் இருந்த முத்திரையளவு படம். பெருப்பித்ததால் மங்கிப் போயிருக்கிறது.

இத்தனை வருடம் இந்த ஊரில் யாராவது ஒருவர், ஜெசிந்தாவும் படம் எடுக்கும் இடத்திலே நின்று, நீதான் நன்றாக எடுத்தாய் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் எடுத்த மாதிரி என்னை ஒருத்தரும் எடுக்கேல்லை. ஜெசிந்தாவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த ஒரு வசனம்தான். காட்டுவதற்குப் படம் இல்லை.