குப்பையில் கொட்டச் சொன்ன இறால் சாடிகள்

எழுபதுகளின் கடைசி. சிட்னிக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. நகரசபையில் உணவுக்கடைகளைப் பரிசோதிக்கும் வேலை கிடைத்திருந்தது. முதல் ஆறு மாதமும் மேலதிகாரி கூடவே வந்து, நான் வேலை செய்கிற விதத்தைப் பார்ப்பார். வேலை நிரந்தரமாவது அவர் கையில்.

ஒருநாள் துறைமுகத்தை ஒட்டியிருந்த சின்னச் சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். கொரியாவிலிருந்து வந்த ஒரு புருசனும் பெண்சாதியும் நடத்தினார்கள். ஆறு மேசைதான். காலையில் படகில் வரும் மீனும் கணவாயும் மட்டியும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். சமைக்கிற குசினி பளிச்சென்று இருந்தது, குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பின்கதவருகே மூன்று மண் சாடிகள் இருந்தன. மேலதிகாரி ஒன்றைத் திறந்தார். அடுத்த நிமிசம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். உப்பில் ஊறிய கூனி இறால். பழுதான மணம் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். நான் திருகோணமலைக்காரன். எங்கள் வீட்டிலும் உப்பும் கொறுக்காய்ப்புளியும் போட்டு மாதக்கணக்கில் மீனைச் சாடியில் அடைத்து வைப்போம். ஏறக்குறைய இதே மணம்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். எட்டு மாதம் ஊறியது, இது இல்லாமல் இந்தக் கடையில் எதையும் சமைக்க முடியாது என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

வாசலில் மேலதிகாரி நிற்கிறார். நான் கறாரான ஆள் என்று காட்டவேணுமே! "தெரியாது" என்றேன். பழுதானது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். புருசன்தான் மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் ஏறியதும் மேலதிகாரி என் முதுகில் தட்டினார்.

வீட்டுக்குப் போய் என் மனுசியிடம் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினேன். அவள் முழுக்கக் கேட்கவில்லை.

"உங்களுக்கென்ன விசரா? அது எங்கட சாடி மீன் மாதிரியெல்லோ! நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வாங்கோ."

நாளைக்கே போகவில்லை. வேலை நிரந்தரம் என்ற கடிதம் கைக்கு வந்த பிறகுதான் போனேன். அதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேணும்.

என்னைக் கண்டதும் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு குசினிக் கதவைத் திறந்துவிட்டார். திரும்பவும் பரிசோதனைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. "இல்லை, அன்றைக்கு எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தனான்" என்றேன்.

"எனக்கும் தெரியும். உங்கள் முகத்திலேயே பார்த்தேன்" என்றார். பிறகு திரும்பிப் போய் மீன் செதில் சுரண்டத் தொடங்கினார்.

இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தேன். நேர்மையான ஆள் என்று பெயரும் எடுத்தேன். யாராவது அப்படிச் சொன்னால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, அந்த வேலையே ஒரு பொய்யால் நிரந்தரமானதுதானே.