வெள்ளிக்கிழமையில் கழித்த சனிக்கிழமை

விதி இதுதான்: கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள் கத்தோலிக்கர்களுக்கு ஒருசந்தியும் சுத்தபோசனமும் உண்டு. அதாவது ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பிடலாம், இறைச்சி கூடாது. 1959ஆம் ஆண்டு இதற்கு ரோமிலிருந்து ஒரு சலுகை வந்தது. வேண்டியவர்கள் இந்தக் கடமையை ஒரு நாள் முன்னதாக, இருபத்து மூன்றாம் தேதியே முடித்துக்கொள்ளலாம். இருபத்து மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாக இருந்தால் என்ன செய்வது என்று அதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எப்படியும் இறைச்சி கிடையாது. 1960இல் அது வெள்ளிக்கிழமையாகத்தான் வந்தது.

சலுகையில் இருந்த இந்த ஓட்டையைப் புதுச்சேரியில் முதலில் கண்டுபிடித்தவர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். தெருவில் அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கணக்கு எளிமையானது. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாமல் இருந்தோம். அது வெள்ளிக்கிழமைக்கும் ஆயிற்று, சனிக்கிழமைக்கும் ஆயிற்று. எனவே இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை, தாராளமாகக் கறி சாப்பிடலாம்.

இதில் யாருக்கும் நஷ்டம் வந்திருக்காது, அன்று மாலை என் தங்கையை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வராமல் இருந்திருந்தால்.

மாப்பிள்ளை வீடு நெல்லித்தோப்பு. அவர்களும் கத்தோலிக்கர்கள்தான், ஆனால் கிறிஸ்துமஸ் வேறு. எங்கள் வீட்டில் நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் ரெவெய்யோன் என்று ஒரு விருந்து நடக்கும். கோழி, ஒயின், கேக், அப்பாவின் சைகோன் கதை எல்லாம் விடிய விடிய உண்டு. அவர்கள் வீட்டில் பூசை முடிந்ததும் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். காலையில் மறுபடியும் ஒரு பூசை பார்த்து, அக்கம்பக்கத்துக்கு அதிரசமும் முறுக்கும் கொடுத்தனுப்பி, மத்தியானம்தான் பிரியாணி.

மாப்பிள்ளைக்குப் பம்பாயில் சுங்க இலாகாவில் வேலை. லீவு பிப்ரவரி பாதி வரைக்கும்தான். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆகும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் பிப்ரவரி பதினைந்தாம் தேதி தொடங்குகிறது. அதற்குள் நடந்தால்தான் கோயிலில் கல்யாணம். தங்கைக்கு அதற்கு முன் இரண்டு வரன் வந்து தட்டிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்த இவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போது பாடிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் அப்பா தட்டை நீட்டினார். பத்தே, கொத்துக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டை விழுங்கி, மூன்றாவதைக் கையில் எடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்து, முகர்ந்து பார்த்தார்.

"உள்ள என்னா வெச்சிருக்கீங்க?"

"ஆட்டுக்கறி சம்பந்தி. நல்ல எளங்கறி."

அந்த அம்மாள் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "இன்னிக்கி ஒருசந்தி."

"எங்களுக்கு நேத்தே முடிஞ்சிப்போச்சி" என்றார் அப்பா, வரியைக் கட்டி முடித்தவர் மாதிரி.

"நேத்து வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம எல்லாருக்குந்தான் கறி கெடையாது. ஒரே பட்டினிய ரெண்டு தடவ காட்டுவீங்களா?"

தாய்மாமன் மூன்றாவது பத்தேயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கீழே வைத்தால் முதல் இரண்டை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

அப்பா விட்டிருக்கலாம். ஆனால் பூசைக்கப்புறம் ரெவெய்யோனுக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

"நடுராத்திரியில விருந்தா? கொழந்த பொறந்த வூட்ல, பொறந்த ராத்திரியே எவனாவது ஒக்காந்து கோழி தின்பானா? பெத்தவளுக்கு ஒரு வாய் மொளகு ரசம் வெச்சிக் குடுப்பானா, அதப் பாருங்க."

"அப்ப மத்தியானம் மட்டும் பிரியாணி எதுக்கு? பெத்தவளுக்கா?"

வெற்றிலை பாக்கு மாற்றாமலே எழுந்துவிட்டார்கள். வாசலில் அந்த அம்மாள் சொன்னது: "கர்த்தர் பொறக்கறதுக்கு முன்னாடியே கறி துன்ற வூட்ல பொண்ணு எடுக்கலாமா கூடாதான்னு எழுத்துல வரட்டும். அப்பறம் பாக்கலாம்."

மறுநாள் பங்குச்சாமியாரிடம் போனேன். "பாவமுமில்ல, ஒண்ணுமில்ல, போய்யா" என்றார். அதைப் போய்ச் சொன்னதற்கு, "சாமியார் வாயால சொன்னா ஆச்சா? எழுத்துல" என்றார் அந்த அம்மாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் அப்போது அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வாய்மொழி உத்தரவை எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது. எனவே விசுவாசி நேரடியாக எழுதக் கூடாது, பங்குச்சாமியார் வழியாகவே எழுத வேண்டும் என்ற முறைப்படி, பிரெஞ்சில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். எந்த மேலிடம் என்பது இங்கே தேவையில்லை. மேலிடங்கள் எல்லாம் ஒன்றுதான்.

பதில் வரவில்லை. அதற்குள் ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மீன் கொண்டுவந்து போடும் தேங்காய்த்திட்டு அம்மாள், மீன் வாங்கியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்றாள். எதிர்வீட்டு முதலியார் வீட்டு அம்மாள், எங்கள் கிறிஸ்துமஸ் தட்டை வருஷா வருஷம் வாங்கிக்கொள்பவர், என் அம்மாவிடம் கேட்டார்:

"ஏம்மா, சனிக்கெழமதான் பிரச்சனன்னா அது பெருமாளுக்கு ஆவாதுன்னுல்ல நாங்க சொல்வோம். உங்க சாமிக்கும் ஆவாதா?"

அம்மா என் பக்கம் திரும்பினார். விளக்கம் கோரித்தான் எழுதியிருக்கிறோம் என்று நான் சொன்னேன்.

அந்தக் காலத்தில் புதுச்சேரியே அப்படித்தான் இருந்தது. நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. சட்டப்படி பாரிஸ் இன்னும் கையெழுத்தை முடிக்கவில்லை. அதற்காக யாரும் சாப்பிடாமலோ கல்யாணம் பண்ணாமலோ இருக்கவில்லை. இதை நான் அந்த அம்மாளிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "ஊரு வேற, ஒருசந்தி வேற" என்றார்.

ஜனவரி கடைசி வாரம் வந்தது. கல்யாண அறிவிப்பாகிய ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசிக்காவிட்டால் தவசு காலத்துக்கு முன் கல்யாணம் இல்லை என்று வீட்டில் சொன்னேன். தங்கை மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு நெல்லித்தோப்புக் கோயிலுக்குப் போனாள். காலைப் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய் நின்றாள். பக்கத்தில் தாய்மாமனும் இருந்தார்.

"அத்த, ஒரு சந்தேகம்."

"இன்னும் அத்த ஆவல. கேளு."

"பதில் பாவம்னு வந்துட்டா, எங்க அப்பா சாமியார்கிட்ட சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிப்பாரு. அவருக்குப் பழக்கந்தான். ஆனா ரெண்டு பத்தே சாப்ட்டது மாமாவாச்சே. எழுத்துல வந்தப்பறம் அவரு உங்க புள்ள கல்யாணத்துல தாய்மாமன்னு மாலை எடுத்துக் குடுக்கலாமா? அதயும் சேத்து எழுதச் சொல்லட்டுமா அண்ணன?"

தாய்மாமன் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன், உண்மையாகவே எழுதத்தான்.

"நீ பேனாவ உள்ள வைப்பா" என்றார் தாய்மாமன். "அக்கா, எனக்கு ஆட்டுக்கறின்னு தெரியாது."

"ரெண்டாவதுல தெரியலயா ஒனக்கு?"

"மூணாவதுல லேசா தெரிஞ்சிது."

அந்த அம்மாள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு இருப்பது ஒரே தம்பி. மாப்பிள்ளைக்கு இருப்பது ஒரே தாய்மாமன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதில் எப்ப வரும்?"

"முறைப்படி, எப்போ வேணும்னாலும் வரலாம்."

"வர்ற வரைக்கும் அது பாவம் இல்லல்ல?"

"கோப்பு நிலுவையில இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அப்ப வர்றதுக்குள்ள முடிச்சிடணும். ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கச் சொல்லு."

அதன் பிறகு பதில் வந்துவிடப் போகிறதே என்று இரண்டு வீட்டாரும் பயந்துகொண்டிருந்தார்கள். தபால்காரரைத் தெருமுனையில் கண்டாலே அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தார். தாய்மாமன் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்து, வந்த கடுதாசியைப் பிரித்தால்தானே வந்ததாக அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். இல்லை, முறைப்படி பெற்றுக்கொண்ட தேதிதான் கணக்கு என்றேன். அவர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மூன்று ஓலையும் வாசித்து முடித்தார்கள். திங்கட்கிழமை கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்தார். விருந்தில் அப்பா பத்தே வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துப் பிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, "இன்னிக்கி என்னா கெழம?" என்று என்னைக் கேட்டார். திங்கள் என்றேன். சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

மறுநாளே தங்கையும் மாப்பிள்ளையும் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். அதற்கும் மறுநாள் தவசு காலம் தொடங்கும் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியபோது, தபால்காரர் வாசலில் நின்றார். கடிதத்தில் ஒரே வரி: இப்படிப்பட்ட விஷயங்களில் பங்குச்சாமியாரின் வாய்மொழியே போதுமானது. நான் அதன் மூலையில் பெற்றுக்கொண்ட தேதியை எழுதிக் கையெழுத்திட்டேன்: 1961 பிப்ரவரி 15.