கிணற்றடிக்கு ஒரு கொடிப் பந்தல்

எங்கள் பின்வளவுக்காரர் மாடி கட்டியதும் அக்கா கிணற்றடியில் குளிப்பதை நிறுத்திவிட்டாள்.

அதற்கு முந்திய வருடம்தான் புற்றுநோய் வருத்தம் வந்து அவளுக்கு ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். குளிக்கக் கட்டும் குறுக்குக்கட்டு நனைந்து ஒட்டினால் எந்தப் பக்கம் இல்லை என்று யாருக்கும் தெரிந்துவிடும். கிடுகு வேலி தெருவில் போகிறவர்களுக்குத்தான் மறைப்பு. மாடி விறாந்தையில் நிற்பவர்களுக்கு இல்லை. வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினால்தான் குளித்த மாதிரி என்கிற மனுசி, அறைக்குள் ஒரு தண்ணீர்ப் பேசினை வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாடியின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

தகரம் அடிப்போம் என்றார் என் மனுசன். எங்கள் பள்ளிமுனைக் கடற்காற்றுக்குத் தகரம் ஒரு வருடத்தில் துருப்பிடித்து, அடுத்த வருடம் யார் வீட்டுக் கூரையிலாவது போய் விழும்.

"நான் கொடி விடுறன். நீங்கள் பழைய மீன்வலையை மட்டும் தாங்கோ" என்றேன். என் கை பட்டு முளைக்காதது இல்லை என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

கோயில் மதிலில் மஞ்சள் பூப் பூக்கும் அலமண்டாக் கொடி படர்ந்திருந்தது. வருடம் முழுக்க இலை கொட்டாது, உப்புக் காற்றுக்கும் பயப்படாது. பங்குச் சுவாமியிடம் கேட்டு, பென்சில் பருமனில் பன்னிரண்டு தடி வெட்டிவந்தேன். கணுவுக்குக் கீழே சரித்து நறுக்கி, நுனியில் இரண்டு இலையை மட்டும் விட்டு, மணலும் மாட்டெருவும் நிரப்பிய பைகளில் ஊன்றினேன். துளிரும் வந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் மீன் கழுவிய தண்ணீரை வீணாக ஊற்ற மாட்டோம். முருங்கைக்கும் தென்னைக்கும் போகும். அந்தப் பழக்கத்தில் பைகளுக்கும் ஊற்றினேன். அன்றைக்குக் கழுவியது கருவாட்டுக்கு உப்பில் ஊறிய மீன் என்பது நினைவுக்கே வரவில்லை. பன்னிரண்டும் கருகிப்போயின.

அக்கா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "விடடி, எனக்கு அறைக்குள்ள பழகிப்போச்சு" என்றாள். அவள் அதற்குப் பழகிவிட்டாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாளே திரும்ப வெட்டினேன். இந்த முறை, கிணற்று உவர்த் தண்ணீரையும் நம்பாமல், குழாய்த் தண்ணீர்.

"குடிக்கிற தண்ணியையோ ஊத்துறாய்?" என்றார் மனுசன்.

"ஓம். குடிக்கிற தண்ணிதான்."

பின்னேரம் பார்த்தால், அவரே பைகளை நிழலுக்கு மாற்றி வைத்திருந்தார்.

ஒன்பது வேர்விட்டன. பனங்குற்றி நட்டு, வலையைக் கிணற்றடியின் பக்கங்களிலும் மேலேயும் பந்தலாக இழுத்துக் கட்டினோம். அலமண்டா தானாகப் பற்றி ஏறாது. வளர வளரக் கட்டிவிட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் எனக்கு அதுதான் வேலை. இரண்டாவது மாரி கழிய, வலை தெரியாதபடி இலை மூடிப் பூத்தும்விட்டது.

அக்கா அப்போதும் வரவில்லை. "மேல நிண்டு பார்த்தால்தானே தெரியும்" என்றாள். நியாயமான கதைதான். அதுவரை அந்த மாடிக்காரியோடு நான் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. நேரே போய்க் கேற்றைத் தட்டினேன்.

"உங்கட விறாந்தையில ஒருக்கா நிக்க வேணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்கோ" என்று சொல்லி முன்னால் படியேறினாள்.

மேலேயிருந்து பார்த்தால் இலையும் மஞ்சள் பூவும்தான்.

"அக்கா, கிணத்தடியிலயோ நிக்கிறீங்கள்?" என்று கத்தினேன்.

"ஓம், நிக்கிறன்!"

"ஒண்டும் தெரியேல்லை!"

கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. ஒரு வாளித் தண்ணீர் சளாரென்று சீமெந்தில் விழுந்தது. உடனே இன்னொன்று. அதற்குப் பிறகும் ஒன்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது; அந்த வீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். மாடிக்காரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நான் அதில் அமர்ந்து, கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி முடித்த பிறகும் கீழே அக்கா அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.