சந்தனம் கழுவிய தலை

என் மகளுக்கு மொட்டை போட்ட நாளிலிருந்து எந்த பஸ் ஸ்டாப்பிலும் என்னால் நிம்மதியாக நிற்க முடிவதில்லை. யாராவது திரும்பிப் பார்த்தால் போதும், எதற்குப் பார்க்கிறான் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் மிசோரம்காரர். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. சின்னக் கண், வெளுத்த நிறம், மீசை என்று பேருக்கு நாலு முடி. மகளோ என்னை அப்படியே உரித்து வைத்தவள். என் கறுப்பு, என் சுருட்டை முடி. "அப்பன் ஜாடை ஒண்ணுகூட இல்லியேடி" என்று எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவளுக்கு மூன்றாவது வயது நடக்கும்போது, அச்சரப்பாக்கம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமனான என் அண்ணன் மடியில் உட்காரவைத்து எல்லாம் முறையாகத்தான் செய்தோம். பிள்ளை திமிறியதில் தலையில் கத்தி பட்டுவிட்டது. பூசிய சந்தனம் காயத்தில் எரிய, வீறிட்டு அழுதாள். மனசு பொறுக்காமல் என் வீட்டுக்காரரே குழாயடியில் சந்தனத்தை முழுக்கக் கழுவிவிட்டார். அண்ணன் பைக்கில் கிளம்பிவிட்டான். நாங்கள் மூவரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். காயத்துக்கு மருந்து வாங்க நான் மட்டும் எதிர்ப்பக்கம் இருந்த மெடிக்கலுக்குப் போனேன்.

அந்த வாரம் எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கிறவன் வீடியோதான். இந்திக்காரனாம், அடையாளம் தெரியாமலிருக்க மொட்டையடித்துக் கொண்டுபோகிறானாம். இவருக்கு இந்தியே வராது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மருந்தோடு திரும்பினால் ரோட்டோரம் கும்பல். நடுவில் அவர், சட்டை கிழிந்து, வாயெல்லாம் ரத்தம். ஒருத்தன் கல்லை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். பிள்ளை யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில்.

"என் பொண்ணுங்க, என் பொண்ணு!" அவர் தமிழில்தான் கத்திக்கொண்டிருந்தார்.

"தமிழ்கூட கத்துக்கினு வந்துகீறான் பாரு!" என்று ஓங்கி ஒரு உதை விட்டான் பக்கத்திலிருந்தவன்.

"இவன் யாருன்னு பாப்பாவ கேட்டோம். அம்மா அம்மான்னுதான் அழுவுது" என்றாள் பிள்ளையை வைத்திருந்தவள்.

"அடப்பாவிங்களா, அது என் புருசன்டா!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். என்னைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். "இவனா?" என்றான் கல்லோடு நின்றவன். மகள் என்னைக் கண்டு தாவி வந்தாள். அப்புறம்தான் அவன் கை இறங்கியது.

"மொட்டைன்னா சந்தனம் இருக்கணும்ல அக்கா? அதான் சந்தேகமாப் பூட்ச்சு" என்றான், தப்பு எங்கள் மேல் என்பது போல. அவன் கையைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது எனக்கு. யாரோ சோடா வாங்கிவந்து நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

நான் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்? இதை நினைக்காமல் நான் ஒருநாளும் தூங்கியதில்லை.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. முடி நன்றாக வளர்ந்துவிட்டது. அவருக்குப் போன பல் போனதுதான். வெளியே கிளம்பும்போதெல்லாம் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே அவளிடம் கேட்பார்: "நான் யாரு?"

"அப்பா."

"சத்தமா."

"அப்பா!"

அவளுக்கு இது விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஒரு பெரியவர் எங்களைச் சும்மாதான் திரும்பிப் பார்த்தார். மகள் சட்டென்று அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

"இவரு என் அப்பா! அடிக்காதீங்க!"

அந்த இரண்டாவது வார்த்தையை நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை.